மெட்ராய்டு தொடரை எதிலிருந்து தொடங்குவது? நான்கு ஆட்டங்கள், ஓர் ஒப்பீடு

நிண்டெண்டோவின் மெட்ராய்டு வீடியோ ஆட்டங்களை ஆட வேண்டும் என்று நெடுநாளாக ஆசை, ஆனால் எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை என்பவர்கள் நிறையப் பேர். ஒருவரைக் கேட்டால் 1994-இல் வந்த சூப்பர் மெட்ராய்டுதான் சிகரம் என்கிறார். இன்னொருவர், 2021-இல் வந்த ட்ரெட் இருக்கும்போது பழையதை ஏன் தொட வேண்டும் என்கிறார். மூன்றாமவர் கதை வரிசைப்படிதான் போக வேண்டும் என்று அடித்துச் சொல்கிறார். மூவர் பேச்சிலும் நியாயம் இருப்பதால், கேட்டவர் முன்னைவிட அதிகமாகக் குழம்பிப் போகிறார்.

எது சிறந்த ஆட்டம் என்பது ஒரு கேள்வி, எதில் தொடங்குவது என்பது வேறொரு கேள்வி. இந்தத் தொடரின் உயிரே வழி தெரியாமல் நிற்கும் நேரத்தில்தான் இருக்கிறது. ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஒரே பெரிய உலகம், திறக்க முடியாத கதவுகள், பிறகு கிடைக்கும் ஒரு திறன், அந்தத் திறனோடு திரும்பி வந்து பழைய கதவைத் திறப்பது என்பதே இதன் அடிப்படை அமைப்பு. அந்த வழி தெரியாத நேரத்தை நீங்கள் ரசிப்பவரா, பொறுத்துக்கொள்பவரா, எரிச்சலடைபவரா என்பதைப் பொறுத்தே உங்களுக்கான முதல் ஆட்டம் அமையும் என்பது என் உறுதியான கருத்து.

பக்கவாட்டில் நகரும் மெட்ராய்டு வரிசையில் ஐந்து கதைகள் உள்ளன. அவற்றுள் முதல் இரண்டும் பின்னாளில் புதிதாக மறு ஆக்கம் செய்யப்பட்டதால் ஆட்டங்கள் ஏழு. இங்கே நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ஜீரோ மிஷன், சூப்பர் மெட்ராய்டு, ஃப்யூஷன், ட்ரெட். 1986-இன் மூல ஆட்டத்தை விட்டதற்குக் காரணம் உண்டு. அதில் வரைபடமே கிடையாது. ஒரே மாதிரியான தாழ்வாரங்கள் மீண்டும் மீண்டும் வரும். தோற்றுத் தொடரும் ஒவ்வொரு முறையும் 30 அளவு ஆற்றலோடுதான் தொடங்க வேண்டும். வரலாறு தெரிந்து ஆடுபவருக்கு அது அருமையான அனுபவம், புதியவருக்குத் தண்டனை. 1991-இல் கேம் பாய்க்கு வந்த இரண்டாம் ஆட்டமும் அப்படியே. அதன் மறு ஆக்கமான சாமஸ் ரிட்டர்ன்ஸ் 2017-இல் நிண்டெண்டோ 3டிஎஸ் கருவிக்கு வந்தது. அக்கருவியின் இணையக் கடை 2023 மார்ச்சில் புதிய விற்பனையை நிறுத்திவிட்டதால், இன்று அதைத் தேடிப் பிடிப்பதே தனி வேலை. மெட்ராய்டு பிரைம் என்ற கிளைத்தொடரின் ஆட்டங்கள், நாயகியின் கண்வழியே உலகைக் காட்டும் முதல் நபர் பார்வையில் அமைந்தவை. அவற்றுக்கு வேறு கணக்கு வேண்டும்.

## எவற்றைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோல், மேலே சொன்னதுதான்: ஆட்டம் உங்களை எவ்வளவு நேரம், எந்த அளவுக்குத் தனியே விடுகிறது? இரண்டாவது, கைக்கு எவ்வளவு எளிதாகப் பழகுகிறது? முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய பட்டன் அமைப்பும் இன்றைய அமைப்பும் ஒன்றல்ல. மூன்றாவது, தோற்றால் எவ்வளவு இழப்பு என்பது. நான்காவது, கதையில் அது நிற்கும் இடம். ஐந்தாவது, பணம், இதில் விலைப்பட்டியலில் தெரியாத செலவும் சேரும்.

ஆறாவதாக ஒன்று உண்டு. பலரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை, நான் இதற்குத்தான் கூடுதல் எடை தருவேன். முதலில் ஆடும் ஆட்டம், அடுத்து ஆடப்போகும் ஆட்டங்களின் சுவையை என்ன செய்கிறது? புதியதில் தொடங்கினால் பழையவை விறைப்பாகத் தெரியக்கூடும். கதையின் நடுவில் தொடங்கினால், முன்னதைப் பின்னர் ஆடும்போது சில திருப்பங்கள் கூர்மை இழந்திருக்கும்.

## ஜீரோ மிஷன் (2004, கேம் பாய் அட்வான்ஸ்)

முதல் ஆட்டத்தின் கதையையே எடுத்துக்கொண்டு, வரைபடம், சேமிப்பு அறைகள், தெளிவான ஓவியம், இலகுவான அசைவு எல்லாம் சேர்த்து மறுபடி கட்டிய ஆட்டம் இது. சாமஸ் ஆரன் என்ற வேட்டைக்காரி ஜீபஸ் கோளில் இறங்கி, விண்வெளிக் கொள்ளையரையும் அவர்களின் தளத்தைக் கட்டுப்படுத்தும் மதர் பிரெயின் என்ற மூளையையும் எதிர்கொள்வதே கதை. காலவரிசையில் இதுவே முதல் நிகழ்வு.

வழிகாட்டும் முறையில் இது நடுவழியில் நிற்கிறது. ஆங்காங்கே அமர்ந்திருக்கும், சோசோ என்ற பழங்கால இனத்தின் சிலைகளிடம் சென்றால், அடுத்துப் போக வேண்டிய இடம் வரைபடத்தில் குறிக்கப்படும். போக வேண்டிய இடம் தெரியும், போகும் வழி தெரியாது. இந்த ஏற்பாடு புதியவரின் கையைப் பிடித்து இழுக்காமலும், கண்ணைக் கட்டிக் காட்டில் விடாமலும் பார்த்துக்கொள்கிறது. அதே வேளையில் தேடிப் பார்ப்பவருக்குச் சுவருக்குள் ஒளிந்த குறுக்குவழிகள் ஏராளமாக வைத்திருக்கிறார்கள். பொருட்களில் 15 விழுக்காட்டுக்கு மேல் எடுக்காமல் முடிப்பவருக்குத் தனி முடிவுப் படம் உண்டு என்பதே, வகுத்த பாதையை மீறுவதை வடிவமைத்தவர்கள் எவ்வளவு விரும்பினார்கள் என்பதைக் காட்டும்.

எளிய நிலை, இயல்பு நிலை என்ற தேர்வு தொடக்கத்திலேயே உள்ளது. பாஸ் எதிரிகள், அதாவது முக்கியக் கட்டங்களில் வழிமறிக்கும் பெரிய எதிரிகள், பெரும்பாலும் முரடு அல்ல. முதல்முறை ஆடுபவருக்குச் சுமார் ஐந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். புதிய வகை ஆட்டம் ஒன்றைத் தொடங்குபவருக்கு முடித்தோம் என்ற நிறைவு சீக்கிரம் கிடைப்பது எனக்கு நிறையாகவே படுகிறது. மதர் பிரெயினோடு கதை முடிந்துவிடும் என்று நினைப்பவருக்கு அதன் பிறகு ஒரு முழுப் பகுதி காத்திருக்கிறது. மூல ஆட்டத்தில் இல்லாத பகுதி அது. அதைப் பற்றி இதற்கு மேல் சொன்னால் கெடுத்துவிடுவேன்.

மறைந்த செலவு இரண்டு. இது நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியில் 2024 ஜூன் முதல் கிடைக்கிறது, ஆனால் தனியாக விற்பதில்லை; நிண்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவின் உயர்தட்டான எக்ஸ்பான்ஷன் பேக் வேண்டும். அமெரிக்கக் கணக்கில் தனிநபருக்கு ஆண்டுக்கு 49.99 டாலர். அதில் மாதச் சந்தா கிடையாது, ஐந்து மணி நேர ஆட்டத்துக்கும் ஓராண்டுக் கட்டணம்தான். இரண்டாவது, இது 240 × 160 புள்ளிகள் கொண்ட சிறுதிரைக்கு வரையப்பட்டது. பெரிய தொலைக்காட்சியில் போட்டால் உருவங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். கையில் வைத்து ஆடும்போதுதான் அதன் அழகு தெரியும்.

## சூப்பர் மெட்ராய்டு (1994, சூப்பர் ஃபாமிகாம்)

இந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பரிந்துரைப்பவர்கள் இதை அதிகம் சொல்கிறார்கள், தொடங்கிப் பாதியில் விடுபவர்களும் இதில்தான் அதிகம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

தொடக்கத்தைக் கவனியுங்கள். சாமஸ் ஜீபஸில் இறங்குகிறாள். மழை பெய்துகொண்டிருக்கிறது. எதிரிகள் இல்லை. கீழே இறங்க இறங்க, முதல் ஆட்டத்தில் மதர் பிரெயின் இருந்த அறையின் இடிபாடுகள் வருகின்றன. இன்னும் கீழே சென்று இடப்பக்கம் போனால், உருண்டையாகச் சுருளும் திறன் கிடைக்கிறது. 1986-இன் ஆட்டத்திலும் அது இடப்பக்கம்தான் இருந்தது. வலப்பக்கம் ஓடியே பழகிய காலத்து ஆட்டக்காரருக்கு அந்த முதல் ஆட்டம் கற்பித்த முதல் பாடம் அது. ஏவுகணைகளையும் எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பும்போது, காலியாக இருந்த அறைகளில் கொள்ளையர் நிற்கிறார்கள். ஒரு சொல் விளக்கம் இல்லை. உலகம் விழித்துக்கொண்டது என்பதை நீங்களே உணர்கிறீர்கள். யோஷியோ சகாமோட்டோ இயக்கத்தில் வந்த இந்த ஆட்டம் முழுவதும் இப்படித்தான் பேசுகிறது. சுவரில் எகிறி ஏறும் கலையை ஒரு சிறு விலங்குக் கூட்டம் செய்து காட்டுகிறது. வேகமாக ஓடிச் செங்குத்தாகப் பாய்வதை ஒரு பெரிய பறவை ஓடிக் காட்டுகிறது. பார்த்துப் புரிந்துகொள்வது உங்கள் பொறுப்பு. கென்ஜி யமமோட்டோவும் மினாகோ ஹமானோவும் அமைத்த இசையும் பல இடங்களில் மௌனத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

இதே மௌனம்தான் புதியவரைக் கழுத்தில் பிடிக்கிறது. பிரின்ஸ்டார் பகுதியில் மிதித்தால் நொறுங்கும் ஒரு பாலம் உண்டு. நடந்தால் கடக்க முடியாது, ஓட வேண்டும். ஓடுவதற்குத் தனி பட்டன் இருப்பதை அதுவரை ஆட்டத்தின் போக்கில் எங்கும் சொல்வதில்லை. அந்தக் காலத்தில் பெட்டியோடு வந்த கையேடு சொன்னது. இன்று ஸ்விட்சில் ஆடுபவர் கையில் கையேடு இல்லை. அந்த இடத்தில் விட்டவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. எனவே தொடங்கும் முன் ஒன்று செய்யுங்கள்: விருப்பங்கள் திரையில் பட்டன் அமைப்பைத் திறந்து, எந்த பட்டன் எதற்கு என்று படித்துக்கொள்ளுங்கள், தேவையானால் மாற்றியும் வையுங்கள். ஆயுதங்களை ஒவ்வொன்றாகச் சுற்றித் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதும், தாவல் சற்றே மிதப்பாக இருப்பதும் கைக்கு வர நேரம் பிடிக்கும். சுவர்த் தாவலில் எதிர்த்திசையை அழுத்திய பிறகே தாவல் பட்டனை அழுத்த வேண்டும். பின்னாளைய ஆட்டங்களின் பெருந்தன்மை இதில் இல்லை.

கதை வரிசையில் இது மூன்றாவது. முந்தைய இரண்டின் சுருக்கம் தொடக்கத்திலேயே காட்டப்படுவதால் கதை புரியாமல் போகாது. ஆனால் அந்த இடிபாட்டு அறையைப் பார்க்கும்போது வரும் சிலிர்ப்பு, ஜீரோ மிஷனை முன்பே ஆடியவருக்குத்தான் முழுமையாகக் கிடைக்கும்.

பணக் கணக்கில் நான்கிலும் மலிவானது இதுவே. சாதாரண ஆன்லைன் சந்தாவிலேயே 2019 செப்டம்பர் முதல் இருக்கிறது. அதற்கு அமெரிக்காவில் மாதம் 3.99 டாலர், ஆண்டுக்கு 19.99. சுமார் எட்டு, ஒன்பது மணி நேர ஆட்டம் என்பதால், ஒரு மாதச் சந்தாவிலேயே நிதானமாக முடித்துவிடலாம். மறைந்த விலை பணத்தில் இல்லை, பொறுமையில் இருக்கிறது. இணையத்தில் வழிகாட்டிக் காணொளியைத் திறந்து திறந்து ஆடினால், இந்த ஆட்டத்தில் விலை கொடுத்துப் பெற வேண்டியதை நீங்களே தூக்கி எறிந்தவராவீர்கள். நடந்ததைச் சற்றுப் பின்னோக்கி ஓட்டி மறுபடி ஆட ஸ்விட்சில் உள்ள பின்னோட்ட வசதியும் அப்படியே. சுவர்த் தாவலைப் பழகப் பயன்படுத்துங்கள், பாஸ் எதிரிகளோடு மோதும்போது தொடாதீர்கள்.

## ஃப்யூஷன் (2002, கேம் பாய் அட்வான்ஸ்)

சூப்பர் மெட்ராய்டுக்குப் பிந்தைய கதை. எக்ஸ் என்ற ஒட்டுண்ணி சாமஸைத் தாக்குகிறது. தொடருக்குப் பெயர் தந்த மெட்ராய்டு என்ற உயிரினத்தின் அணுக்களிலிருந்து செய்த தடுப்பு மருந்தால் அவள் பிழைக்கிறாள். ஆனால் உடலோடு ஒட்டிப்போன கவச உடையின் பெரும்பகுதியை அறுத்து எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த உடையின் பகுதிகளில் தொற்றிய எக்ஸ், அவள் முழு வலிமையையும் கொண்ட நகலாக உருவெடுத்து ஆய்வு நிலையத்தில் உலவுகிறது. அதன் காலடி ஓசை கேட்டு ஒளிந்திருக்கும் காட்சிகள் இன்றும் நெஞ்சை அடைக்கும்.

வழி தவறும் வாய்ப்பு நான்கிலும் இதில்தான் குறைவு. ஆங்காங்கே உள்ள அறைகளில் கணினி ஒன்று அடுத்த பணியைச் சொல்லி அனுப்பும். தேவையற்ற கதவுகள் பூட்டியிருக்கும். தனியே அலைந்து கண்டுபிடிப்பதை விரும்பி வருபவருக்கு இது இறுக்கமாகத் தோன்றும். கதை சொல்லிக்கொண்டே நடத்திச் செல்லும் ஆட்டங்களில் பழகியவருக்கோ இது வீடு போல இருக்கும்.

ஆனால் வழி எளிது என்பதால் ஆட்டம் எளிது என்று எண்ண வேண்டாம். பாஸ் எதிரிகள் கடுமையாக அடிப்பார்கள். ஜப்பானுக்கு வெளியே வந்த பதிப்பில் எளிய நிலை இல்லை. நைட்மேர் என்ற எதிரி அப்பெயருக்குத் தகுதியானவன்தான். கொன்ற எதிரியிலிருந்து மிதந்து வரும் எக்ஸை உடனே ஓடிப் பிடித்து உட்கொள்ள வேண்டும்; விட்டால் அது மறுபடி உருவெடுக்கும். இந்த ஒரு விதி ஆட்டம் முழுவதையும் பரபரப்பாக வைத்திருக்கிறது.

சந்தாவும் சிறுதிரைச் சிக்கலும் ஜீரோ மிஷனுக்குச் சொன்னவையே. ஸ்விட்சில் இது 2023 மார்ச்சில் சேர்ந்தது. இதில் தொடங்குவதன் உண்மையான குறை வேறு. சூப்பர் மெட்ராய்டின் இறுதியில் நடக்கும், தொடரின் மிக உருக்கமான நிகழ்ச்சியை ஃப்யூஷன் தன் முன்னுரையிலேயே தொட்டுச் செல்கிறது. தெரிந்துகொண்டு பின்னோக்கிச் செல்வது நட்டம்.

## ட்ரெட் (2021, நிண்டெண்டோ ஸ்விட்ச்)

ஸ்பெயின் நாட்டின் மெர்குரிஸ்டீம் நிறுவனமும் நிண்டெண்டோவும் சேர்ந்து செய்த இந்த ஆட்டம் 2021 அக்டோபர் 8-இல் வெளிவந்தது. தயாரிப்பாளர் அதே சகாமோட்டோ. இதன் கருத்து 2000-களின் நடுவிலேயே தோன்றி, அன்றைய கருவிகள் போதாமல் கிடப்பில் இருந்தது.

கையில் எடுத்த முதல் நிமிடத்திலேயே வித்தியாசம் தெரியும். சறுக்கிக்கொண்டே சுடலாம், எந்தக் கோணத்திலும் குறி வைக்கலாம், பாயும் எதிரியைச் சரியான நொடியில் தட்டித் திருப்பலாம். சாமஸ் இவ்வளவு லாவகமாக அசைந்தது இதற்கு முன் இல்லை. வரைபடமும் தாராளமானது: எங்கோ ஒரு பொருள் ஒளிந்திருந்தால் அந்த அறை மின்னும், ஒரே வகைத் தடைகள் எங்கெங்கு உள்ளன என்று ஒரே பார்வையில் காட்டும். புதிய திறன் கிடைத்ததும் பின்னால் உள்ள வழி பெரும்பாலும் அடைபட்டு, முன்னால் உள்ள வழி இயல்பாகத் திறக்கும். எனவே நீங்களே கண்டுபிடித்ததாக உணர்ந்துகொண்டு, அவர்கள் வரைந்த கோட்டிலேயே நடப்பீர்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மிக நுட்பமான வேலை அது. மீற நினைப்பவருக்கும் இடம் உண்டு: குண்டு போடும் திறனை முன்கூட்டியே தேடி எடுத்தவர்கள் கிரெய்டு என்ற பூதத்தை விரைவாக வீழ்த்தும் தனி வழி ஒன்றையே வடிவமைப்பாளர்கள் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

எம்மி எனப்படும் இயந்திரங்கள்தான் பலரைத் தயங்க வைக்கின்றன. அவற்றுக்கென ஒதுக்கிய பகுதிகளில் உங்களைத் துரத்தும். சாதாரண ஆயுதத்தால் கீறல்கூட விழாது. பிடிபட்டால் கண் சிமிட்டும் நேரத்தில் தட்டிவிட ஒரு சிறு வாய்ப்பு, தவறினால் மரணம். கேட்கப் பயங்கரமாக இருந்தாலும், இறந்தவுடன் அந்தப் பகுதியின் கதவருகிலேயே மீண்டும் எழுவதால் இழப்பு மிகக் குறைவு. பாஸ் எதிரிகளோ நான்கிலும் கடினமானவர்கள். அவர்களின் அசைவைப் படித்துப் படித்துத்தான் வெல்ல வேண்டும். 2022 பிப்ரவரியில் இலவசமாகச் சேர்த்த ரூக்கி நிலை இந்தக் கடினத்தைக் கணிசமாகத் தணிக்கிறது, அதைத் தேர்ந்தெடுப்பதில் எந்தத் தாழ்வும் இல்லை.

வெளியீட்டு விலை 59.99 டாலர். பத்து மணி நேர ஆட்டத்துக்கு அதிகம் என்பார்கள். ஆனால் ஒருமுறை வாங்கினால் அது உங்களுடையது. அட்டையாக வாங்கினால் பின்னர் விற்கவும் முடியும். ஸ்விட்ச் 2-இலும் ஓடும். சந்தா தீர்ந்த நாளில் மற்ற மூன்றும் பூட்டிக்கொள்ளும், இது பூட்டிக்கொள்ளாது.

இதில் தொடங்குவதன் பின்விளைவையும் சொல்லியாக வேண்டும். இந்த லாவகத்துக்குப் பழகிய விரல்கள், சூப்பர் மெட்ராய்டின் மிதப்பான தாவலுக்கு இறங்கி வர மறுக்கும். கதையும் ஃப்யூஷனின் நேர்த்தொடர்ச்சி. தொடக்கத்தில் சுருக்கம் தருகிறார்கள், என்றாலும் எக்ஸ் என்ற சொல் கேட்டவுடன் வயிற்றைக் கலக்குவது ஃப்யூஷன் ஆடியவருக்குத்தான்.

## ஒரே பார்வையில்

| | ஜீரோ மிஷன் | சூப்பர் மெட்ராய்டு | ஃப்யூஷன் | ட்ரெட் |
|---|---|---|---|---|
| வழிகாட்டல் | இடம் சொல்லும், வழி சொல்லாது | ஏறக்குறைய இல்லை | பணிக்குப் பணி உண்டு | மறைமுகமாக உண்டு |
| கை பழகுவது | எளிது | நேரம் பிடிக்கும் | எளிது | பட்டன்கள் அதிகம், அசைவு லாவகம் |
| பாஸ் எதிரிகள் | மிதம் | மிதம் | கடுமை | மிகக் கடுமை (ரூக்கி நிலை உண்டு) |
| கதையில் இடம் | 1 | 3 | 4 | 5 |
| பெறும் வழி | எக்ஸ்பான்ஷன் பேக் | சாதாரணச் சந்தா | எக்ஸ்பான்ஷன் பேக் | தனியாக வாங்குவது |
| பெரிய திரையில் | சுமார் | நன்று | சுமார் | மிக நன்று |

## யாருக்கு எது

உங்கள் பொறுமை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியாவிட்டால், ஜீரோ மிஷன். அதை ஆடி முடித்தவுடன் கை தானாகச் சூப்பர் மெட்ராய்டைத் தேடும். இரண்டுக்கும் அதே சந்தா போதும், ஃப்யூஷனும் அதிலேயே அடங்கும். மூன்று ஆட்டங்களும் ட்ரெட் ஒன்றின் விலைக்குள் முடிந்துவிடுகின்றன. பிறகு ட்ரெட்டை வாங்கினால் கதையும் கையும் ஒருங்கே வளர்ந்திருக்கும். என்னைக் கேட்பவருக்கு நான் சொல்லும் வரிசை இதுவே.

பழைய ஆட்டங்களோடு வளர்ந்தவர், வரைபடத்தை உற்றுப் பார்த்து அரை மணி நேரம் அலைவதைச் சுகமாக நினைப்பவர், கையில் 3.99 டாலருக்கு மேல் செலவழிக்க விரும்பாதவர் ஆகியோர் நேராகச் சூப்பர் மெட்ராய்டுக்கே போகலாம். இவர்களை வேறெங்கும் அனுப்புவது நேர விரயம்.

ஃப்யூஷனை முதலாவதாக நான் பரிந்துரைப்பது ஒரே சூழலில்தான்: திக்குத் தெரியாமல் நிற்பது உங்களுக்குச் சிறிதும் ஆகாது, ஆனால் திகில் கதையும் கடுமையான மோதலும் பிடிக்கும் என்றால்.

சந்தாவே வேண்டாம், பெரிய தொலைக்காட்சியில் ஆட வேண்டும், இன்றைய ஆட்டங்களின் வேகம் வேண்டும் என்பவருக்கு ட்ரெட். அதற்கு இலவச டெமோ இருக்கிறது. பணம் கட்டுமுன் அதை ஆடிவிடுங்கள். அதில் எம்மி உங்களைப் பிடித்ததும், எங்கே தவறினோம் என்று யோசித்துக்கொண்டே மறுபடி கதவுக்குள் நுழைந்தால் தயங்காமல் வாங்கலாம். கண்ட்ரோலரைக் கீழே வைக்கத் தோன்றினால், அந்தப் பணத்தில் எக்ஸ்பான்ஷன் பேக் எடுத்து ஜீரோ மிஷனின் எளிய நிலையில் தொடங்குங்கள்.